காலி பூச்சிமருந்து பாட்டில்: மூன்று முறை கழுவி, ஓட்டை போட்டு, திருப்பிக் கொடுங்கள்

பூச்சிமருந்து அடித்து முடிந்ததும் காலி பாட்டில் பெரும்பாலும் வரப்போரத்தில் கிடக்கும், இல்லையென்றால் வாய்க்காலில் மிதக்கும், அதுவும் இல்லையென்றால் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். சில பாட்டில்கள் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. நல்ல கெட்டியான பாட்டில், இறுக்கமான மூடி, டீசலோ எண்ணெயோ ஊற்றி வைக்கலாமே என்று தோன்றுவது இயல்பு. பண்ணையில் எதையும் வீணாக்காமல் மறுபடி பயன்படுத்துவது நம் விவசாயிகளுக்குப் பழக்கமான காரியம்தான். ஆனால் இந்த ஒரு பொருளுக்கு அந்தப் பழக்கம் ஆகாது. மருந்து பாட்டிலை மறுபடி எதற்கும் பயன்படுத்தக் கூடாது.

காலி பாட்டிலில் எவ்வளவு மருந்து இருக்கிறது?

ஒரு லிட்டர் பாட்டிலைக் கவிழ்த்து நன்றாக வடித்த பிறகும் உள்சுவரிலும் கழுத்து வளைவிலும் கொஞ்சம் மருந்து ஒட்டியிருக்கும். கணக்குக்காக 10 மி.லி. என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 2 மி.லி. கலக்க வேண்டிய மருந்தென்றால், 10 மி.லி. என்பது 5 லிட்டர் தெளிப்பு நீருக்கான மருந்து. காசு கொடுத்து வாங்கியதில் அரை டேங்க் மருந்தைத் தூக்கி எறிகிறோம் என்று அர்த்தம்.

அந்தப் பாட்டிலில் 250 மி.லி. தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வடித்தால், மறுபடி 10 மி.லி. கலவை ஒட்டி நிற்கும். ஆனால் அதில் உள்ள மருந்து 26-ல் ஒரு பங்குதான், அதாவது சுமார் 0.4 மி.லி. இரண்டாவது முறை கழுவினால் அதிலும் 26-ல் ஒரு பங்கு. மூன்றாவது முறைக்குப் பிறகு மிஞ்சுவது ஒரு மில்லி லிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே 750 மி.லி. தண்ணீரையும் ஒரே தடவையில் ஊற்றிக் கழுவினால் 0.13 மி.லி. நிற்கும், இது மூன்று முறை கழுவியதைப் போல 200 மடங்குக்கும் மேல். செலவாகும் தண்ணீர் ஒன்றுதான். பிரித்துக் கழுவுவதில்தான் பலன் இருக்கிறது.

கழுவும் முறை

கடைசி டேங்குக்கு மருந்து கலக்கும்போதே கழுவிவிட வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கழுவிக்கொள்ளலாம் என்று வைத்தால் மருந்து உள்ளே காய்ந்து படிந்துவிடும். பிறகு எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது.

கையுறை, முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். டேங்கில் முதலில் பாதி அளவு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். மருந்தை அளந்து ஊற்றிய பிறகு, பாட்டிலைக் கவிழ்த்து, ஒழுக்கு நின்று சொட்டாக மாறியதும் மேலும் அரை நிமிடம் பிடியுங்கள். பிறகு பாட்டிலில் கால் பங்கு தண்ணீர் விட்டு, மூடியை இறுக்கி, அரை நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். அந்தத் தண்ணீரை டேங்கிலேயே ஊற்றி மறுபடி வடியுங்கள். இப்படி மூன்று முறை. அதன் பிறகு டேங்கில் மீதித் தண்ணீரை நிரப்பிக்கொள்ளலாம். கழுவிய தண்ணீரும் பயிருக்கே போகிறது என்பதால் ஒரு சொட்டும் வீணில்லை. மூடியையும் இதேபோல் கழுவித் தனியாகப் போட்டு வையுங்கள். மூடியின் பிளாஸ்டிக் பெரும்பாலும் பாட்டிலின் பிளாஸ்டிக்கிலிருந்து வேறு வகை.

வாய்க்காலிலோ, கிணற்று மேட்டிலோ, மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டியிலோ கழுவவே கூடாது. சைபர்மெத்ரின், லாம்ப்டா சைஹலோத்ரின் போன்ற மருந்துகள் மீனுக்குக் கொடிய விஷம். மிகக் குறைந்த அளவே மீன்களைச் சாகடிக்கும். பச்சை முக்கோணம் போட்ட மருந்துதானே என்று அலட்சியமும் வேண்டாம். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற முக்கோணங்கள் மனிதருக்கு எவ்வளவு நஞ்சு என்பதைத்தான் காட்டுகின்றன. மீனுக்கும் தேனீக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது.

களைக்கொல்லி பாட்டில் கழுவிய தண்ணீரைக் களைக்கொல்லி அடிக்கும் டேங்கில் மட்டுமே ஊற்ற வேண்டும். தூள் மருந்து வந்த காகிதப் பையைக் கழுவ முடியாது. கடைசித் தூள் வரை டேங்கில் தட்டிக் கொட்டிவிட்டு, பையைக் கிழித்துத் தனியாக வைக்கவும்.

ஓட்டை போடுவது எதற்கு?

கழுவிய பாட்டிலின் அடியில் கடப்பாரையாலோ பெரிய ஆணியாலோ மூன்று, நான்கு ஓட்டை போடுங்கள். லேபிளை அரிவாளால் குறுக்கே கீறிவிடுங்கள். இனி யாரும் அதில் எதையும் ஊற்றி வைக்க முடியாது. கூல்டிரிங்க்ஸ் என்று நினைத்துக் குழந்தை எடுத்துக் குடிக்கும் ஆபத்து வீட்டில் வைத்த மருந்து பாட்டிலில் எப்போதும் உண்டு.

இன்னொரு காரணமும் உண்டு. லேபிளும் மூடியும் கெடாத பிரபல கம்பெனி பாட்டிலுக்குப் போலி மருந்து தயாரிப்பவர்களிடம் நல்ல கிராக்கி. இரண்டு ரூபாய்க்கு விற்ற பாட்டில் கலப்பட மருந்தோடு கடைக்குத் திரும்பி வந்தால், அடுத்த பட்டத்தில் அதை வாங்கி அடித்துவிட்டுப் புழு சாகவில்லையே என்று நிற்பது நம்மைப் போன்ற ஒரு விவசாயிதான். 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளும், காலிக் கலன்களை மறுபடி பயன்படுத்தும்படி வெளியே போட்டு வைக்கக் கூடாது, உடைத்துவிட வேண்டும் என்றே சொல்கின்றன.

உடைத்த கலன்களைக் குடியிருப்புக்குத் தொலைவில் புதைக்க வேண்டும் என்றும் அந்த விதிகளில் உள்ளது. சில லேபிள்களிலும் அப்படி அச்சிட்டிருப்பார்கள். திருப்பிக் கொடுக்க வழியே இல்லாத இடத்தில் அதைச் செய்யலாம், மூன்று முறை கழுவிய பிறகு, கிணறும் குளமும் இல்லாத மேட்டு நிலத்தில். ஆனால் பிளாஸ்டிக் மக்காது. வருஷா வருஷம் புதைத்துக்கொண்டே போக எவரிடமும் நிலம் இல்லை. எரிப்பதோ இன்னும் மோசம். அந்தப் புகை நச்சுப்புகை.

எதை மறுபடி பயன்படுத்தலாம்?

உரச்சாக்கைப் பயன்படுத்தலாம், பார்த்து. மணல், மக்கிய தொழுவுரம், தேங்காய் மட்டை அள்ளுவதற்குச் சரி. விதை நெல்லும் சாப்பாட்டுத் தானியமும் அதில் போட வேண்டாம். யூரியா சாக்கை அலசிய தண்ணீரை மாடு, ஆடு குடிக்கும் இடத்தில் விடவே கூடாது. யூரியா அதிகமாக உள்ளே போனால் அசை போடும் கால்நடை சில மணி நேரத்தில் இறந்துவிடக் கூடும். பழைய சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டிப் பழைய பிளாஸ்டிக்காக விற்கலாம். நிலப்போர்வை பிளாஸ்டிக்கைத் துண்டு துண்டாகக் கிழிவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். நாள்பட்டால் மண்ணோடு கலந்து, பிறகு பொறுக்கி எடுக்கவே முடியாது.

யாரிடம் கொடுப்பது?

இதற்கு உழவர் மட்டும் பொறுப்பல்ல. பிளாஸ்டிக்கில் அடைத்து விற்றவருக்கே அதைத் திரும்ப எடுக்கும் பொறுப்பும் உண்டு என்பது 2016-ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின் அடிப்படை. அந்தப் பொறுப்பை எப்படி நிறைவேற்ற வேண்டும் என்ற வழிகாட்டுதலை மத்திய அரசு 2022 பிப்ரவரியில் வெளியிட்டது. ஆனாலும் மருந்துக் கடையில் காலி பாட்டிலை நீட்டினால் வாங்கிக்கொள்ளும் கடைகள் குறைவுதான்.

நடக்காத காரியம் ஒன்றுமில்லை. பிரேசில் நாட்டில் 2000-ஆம் ஆண்டில் கொண்டு வந்த சட்டப்படி, விவசாயி பாட்டிலை மூன்று முறை கழுவி, ஓட்டை போட்டு, ஓராண்டுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்கே கொடுப்பது என்பதைக் கடைக்காரர் பில்லிலேயே எழுதித் தர வேண்டும். அங்கிருந்து ஏற்றிப் போய் மறுசுழற்சி செய்வது தயாரிப்பாளர் செலவு. இன்று அங்கே மருந்தோடு நேரடியாகத் தொடர்புள்ள பிளாஸ்டிக் கலன்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் திரும்பி வருகின்றன. ஒரு பகுதி புதிய மருந்து பாட்டிலாகவே மாறுகிறது. குடமாகவோ பொம்மையாகவோ மாறுவதில்லை.

இங்கே ஒருவர் தனியாகக் கேட்டால் கடைக்காரர் காதில் விழாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ உழவர் குழுவோ இருந்தால், கழுவி ஓட்டை போட்ட பாட்டில்களை ஒரே இடத்தில், பூட்டிய அறையில் சாக்கில் சேர்த்து வையுங்கள். மொத்தமாக மருந்து வாங்கப் பேரம் பேசும்போதே, காலிக் கலன்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் ஒரு நிபந்தனையாகச் சொல்லுங்கள். கம்பெனிப் பிரதிநிதி செயல்விளக்கம் காட்ட ஊருக்கு வரும்போது முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும். வீட்டுக் குப்பையோடு சேர்த்துத் தூய்மைக் காவலரிடம் கொடுக்க வேண்டாம். அவர்கள் வெறுங்கையால் பிரிக்க நேரிடும்.

வாங்கும்போதே குறைக்கலாம்

அரை ஏக்கருக்குக் கைத்தெளிப்பானில் சுமார் 100 லிட்டர் தெளிப்பு நீர் தேவை. லிட்டருக்கு 2 மி.லி. என்றால் 200 மி.லி. மருந்து. 250 மி.லி. பாட்டில் போதும். லிட்டர் பாட்டில் மலிவு என்று வாங்கினால் 800 மி.லி. வீட்டில் தங்கி, காலாவதியாகி, காலி பாட்டிலை விடப் பெரிய தலைவலியாகிவிடும். வாங்கும்போது காலாவதித் தேதியைப் பார்த்து, பில் கேட்டு வாங்குங்கள்.

லேபிளைக் கீறுவதற்கு முன்பு செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருந்து அடித்தவருக்கு மயக்கமோ வாந்தியோ வந்து 108-ஐ அழைக்க நேர்ந்தால், எந்த மருந்து என்றுதான் மருத்துவர் முதலில் கேட்பார்.