கிளித்தரோத் தேவாலய வாசலில்

1891ஆம் ஆண்டு மார்ச் மாதம் 8ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் லங்காஷயர் பிரதேசத்திலே, கிளித்தரோ என்னும் சிறு நகரில், வழிபாடு முடிந்து தேவாலயத்தினின்றும் வெளியே வந்த எமிலி ஜக்சனை அவருடைய கணவன் எட்மண்ட் ஜக்சன் இரு துணைவருடன் மறித்துப் பிடித்து வண்டியிலேற்றினான். பிளக்பேர்னிலிருந்த ஒரு வீட்டில் அவரைக் காவலுடன் அடைத்து வைத்தான்.

இவர்கள் 1887இல் மணஞ் செய்தவர்கள். மணமான சில நாட்களில் அவன் நியூசிலாந்துக்குக் கப்பலேறினான். திரும்பி வந்தபோது அவனோடு வாழ மனைவி மறுத்தார். 1889இல், கூடிவாழ வேண்டுமென்ற நீதிமன்றத் தீர்ப்பொன்றைக் கணவன் பெற்றான். அத்தகைய தீர்ப்புக்குப் பணியாதவரைச் சிறையிடும் வழக்கத்தை 1884ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்திருந்தது. அரசு செய்யாது கைவிட்டதைத் தானே செய்ய உரிமையுண்டென்று அவன் எண்ணினான். அவ்வெண்ணம் அவனுடைய தனிப்பட்ட கிறுக்கு அன்று. உறவினர் ஆட்கொணர் மனுவோடு சென்றபோது கீழ் நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது என்பதை நாம் கவனித்தல் வேண்டும். நிலத்தையும் கால்நடையையும் போல மனைவியையும் ஆளுகைப் பொருளாகக் கண்ட சமுதாயத்தின் குரலே அங்கு சட்டமாகப் பேசியது.

மார்ச் 19இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வேறுவிதமாகத் தீர்ப்பளித்தது. மனைவியைச் சிறைவைக்கக் கணவனுக்கு உரிமை கிடையாது என்று ஹோல்ஸ்பரி பிரபுவும் உடனிருந்த நீதிபதிகளும் கூறி எமிலியை விடுவித்தனர். எலிசபெத் வூல்ஸ்ரன்ஹோம் எல்மி போன்ற பெண்ணுரிமையாளர் மகிழ்ந்தனர். எலைசா லின் லின்ரன் என்ற எழுத்தாளரோ, தாமும் ஒரு பெண்ணாயிருந்தும், கடிந்தெழுதினார். ஊர் திரும்பிய எமிலியைக் கூட்டம் கூவி இகழ்ந்தது. கடத்தியவன்மீது இரக்கமும் கடத்தப்பட்டவர்மீது வசையும்! இது நமக்குப் புதிதா? மறுத்த பெண்ணை விடாது பின்தொடர்பவனைக் காதலனாக்கி வாழ்த்தும் நமது திரைப்படங்களை எண்ணிக்கொள்க.

எனினும் அத்தீர்ப்பு பூட்டைத்தான் திறந்தது. அடைத்து வைக்காமல், தெருமுனையிலும் வேலைத்தலத்திலும் காத்து நின்று அச்சுறுத்துபவனைப் பற்றி அது பேசவில்லை. பின்தொடர்தலைத் தனிக்குற்றமாக்கிய முதற் சட்டத்தை அமெரிக்காவின் கலிபோர்னியா 1990இல் இயற்றிற்று. இங்கிலாந்தில் தொல்லை தடுக்குஞ் சட்டம் 1997இலேயே வந்தது. பின்தொடர்தலென்ற பெயராலேயே அதனைத் தண்டிக்க 2012 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இந்த நூற்றாண்டுத் தாமதத்துக்குக் காரணம் சட்ட அறிவின் குறைவன்று. கணவனோ முன்னாட் கணவனோ செய்வதை அந்தரங்க விவகாரமென்று விலக்கிய மனப்பான்மையே காரணமாகும்.

இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், பிரிந்துபோன கணவனுக்கு எதிராகவும் பாதுகாப்புக் கட்டளை பெற வழி செய்கிறது. நீதவான் அக்கட்டளையை 12 மாதங்கள் வரை வழங்கலாம். பெண்ணின் வீட்டையும் தொழிலிடத்தையும் அணுகுவதைத் தடை செய்யலாம். மீறியவனுக்கு 10,000 ரூபா வரை தண்டமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

எமிலிக்கு வசதியுள்ள உறவினர் இருந்தனர். பதினொரு நாட்களில் அவ்வழக்கு இலண்டன் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் முடிந்தது. நமது தேயிலைத் தோட்டத்துப் பெண்ணோ நீதவானிடஞ் செல்ல ஒருநாட் கூலியை இழக்க வேண்டும். அவள் சார்பில் பொலிஸாரே மனுச்செய்யலாமென்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. அதை அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?