பிள்ளைப் பகா எண்கள்

கணிதத்தில் 'பிள்ளைப் பகா எண்' என்றொரு வகை உண்டு. பெயருக்கு உரியவர் எஸ். எஸ். பிள்ளை என்ற சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. 1901இல் குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்தவர். 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்னவர். எந்த முழு எண்ணையும் அதிகம் போனால் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்று 1940இல் நிறுவியவர். பகா எண்களைப் பற்றி அவர் எழுப்பிய கேள்வியோ, பள்ளிப் பிள்ளைகள் பென்சிலோடு போட்டுப் பார்க்கக்கூடியது.

1 முதல் ஓர் எண் வரை வரிசையாகப் பெருக்கி, விடையோடு 1 கூட்ட வேண்டும். அந்தத் தொகையின் பகாக் காரணிகளை, எந்த எண் வரை பெருக்கினோமோ அதால் வகுத்தால் எப்போதும் 1தான் மீதி வருமா? 4 வரை பெருக்கினால் 24. 1 கூட்ட 25. காரணி 5, அதை 4ஆல் வகுக்க மீதி 1. 5க்கு 121, காரணி 11. 6க்கு 721, அதாவது 7×103. 7க்கு 5041, அதாவது 71×71. இதுவரை பிசகே இல்லை. 8க்கு வந்ததும் உடைந்துவிடுகிறது: 40321 = 61×661. இரண்டுக்குமே மீதி 5. இப்படி எங்கேனும் முறை தவறும் பகா எண்தான் பிள்ளைப் பகா எண். 7க்கு அடங்கிய 71கூட 9க்கு அடங்குவதில்லை. 9க்குரிய 362881ஐ அது வகுக்கிறது, மீதியோ 8.

இவ்வகையில் மிகச் சிறியது 23. அது 14இல் அகப்படுகிறது: 87178291201 = 23×3790360487. பின்னதும் பகா எண்தான், பத்து இலக்கம் கொண்டது. 14ஆல் வகுத்தால் முதலதற்கு மீதி 9, பெரியதற்கு 11. 9×11 = 99; அதை 14ஆல் வகுத்தால் மீதி 1. மொத்தத் தொகையின் மீதி 1 என்பதால், இரு காரணிகளில் ஒன்று முறை தவறினால் மற்றதும் தவறியே ஆகவேண்டும். ஒரு சிறிய எண்ணும் இவ்வளவு பெரிய எண்ணும் இப்படிக் கைகோத்து நிற்பது அழகான காட்சி.

23 ஏன் 14இல் சிக்கியது? வில்சன் தேற்றப்படி, 22 வரை பெருக்கி 1 கூட்டினால் 23ஆல் மீதியின்றி வகுபடும். அந்தப் பெருக்கத்தின் கடைசி நான்கு எண்கள் 19, 20, 21, 22. அவை 23க்கு 4, 3, 2, 1 குறைவு. குறைகளைப் பெருக்கினால் 24, மீதி 1. அதற்கு முந்தைய நான்கு, 15 முதல் 18 வரை, 8, 7, 6, 5 குறைவு. அவற்றின் பெருக்கம் 1680, அதாவது 23×73+1. மீண்டும் மீதி 1. இந்த எட்டு எண்களையும் எடுத்துவிட்டாலும் மீதி மாறாது. எஞ்சுவது 14 வரையிலான பெருக்கம்.

பிரின்ஸ்டன் ஆய்வு நிறுவனத்தின் அழைப்போடும், ஹார்வர்டில் நடக்கவிருந்த பன்னாட்டுக் கணித மாநாட்டில் கலந்துகொள்ளும் எண்ணத்தோடும் புறப்பட்ட பிள்ளை, 1950 ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே நேர்ந்த விமான விபத்தில் மறைந்தார். இந்திய எண் கோட்பாட்டுக்கு அது ஈடு செய்ய முடியாத இழப்பு. பிள்ளைப் பகா எண்களுக்கு முடிவே இல்லை என்பதை பால் ஏர்டிஷும் எம். வி. சுப்பாராவும் நிறுவினர். சுப்பாராவ் 2002இல் ஜி. ஈ. ஹார்டியுடன் வெளியிட்ட கட்டுரையிலும் அந்த நிறுவல் இடம்பெற்றது. இந்த ஹார்டி, ராமானுஜனை அழைத்த ஜி. எச். ஹார்டி அல்லர்.