பேறுகால நிதியும் தாயின் உணவும்

திருவண்ணாமலையைச் சூழ்ந்த சிற்றூர்களில் நம் மகளிர் பலர் நடவும் களையெடுப்பும் செய்து பிழைப்பவர்கள். கருவுற்ற தாய் வயலுக்குப் போக இயலாத மாதங்களில் கூலி நின்றுவிடுகிறது. சத்துள்ள உணவு மிகுதியாக வேண்டப்படுவதும் அப்பொழுதே. இக்குறையைப் போக்கவே தமிழக அரசு 1987ஆம் ஆண்டில் மகப்பேறு நிதியுதவியைத் தொடங்கிற்று. அது இன்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

தொடக்கத்தில் 300 ரூபாயாக இருந்த உதவி 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 என வளர்ந்தது. 2018இல் நேர்ந்த மாற்றம் கருதத்தக்கது. 14,000 ரூபாய் ரொக்கமாகவும், 4,000 ரூபாய் மதிப்புக்குப் பேரீச்சம்பழம், நெய் முதலியன அடங்கிய ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் பிரிக்கப்பட்டது. ஏன்? ரொக்கம் கடனுக்கும் வட்டிக்கும் கரைந்துவிடக்கூடும். பேரீச்சம்பழத்தை வட்டிக்காரர் கேட்பதில்லை. ஆயினும் அன்றாடம் பாலும் முட்டையும் கீரையும் வாங்கக் கையில் காசு வேண்டும். ஆகவே இரண்டும் தேவையே.

இளைஞர்களே! கருவுற்ற செய்தி அறிந்தவுடன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யத் துணை நில்லுங்கள். வரும் பணத்தின் முதற்செலவு தாயின் உணவாகட்டும். எல்லோரும் உண்டபின் எஞ்சியதைத் தாய் உண்ணும் வழக்கம் நம் வீடுகளினின்று ஒழியட்டும்.