நங்கூரமும் அதைக் குறித்த சொற்களும்

கடலோர ஊர்கள் பலவற்றில் பழைய கப்பலின் நங்கூரம் ஒன்றை மேடையேற்றி, கறுப்பு வண்ணம் பூசிக் காட்சிக்கு வைத்திருப்பதைக் காண்கிறோம். மாணவர் அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். பலகையில் உள்ள எடையையும் ஆண்டையும் படித்துவிட்டு நகர்கின்றனர். அந்த நங்கூரத்தைக் கடலில் இறக்கியவர் யார், அவர் அதனை எச்சொல்லால் அழைத்தார் என்னும் செய்திகள் பலகையில் இடம்பெறுவதில்லை. அவற்றையே இப்பொழிவில் தேட முற்படுகிறோம்.

ஜார்ஜ் டவுன் கார்ன்வாலிஸ் கோட்டையில் உள்ள செரி ரம்பாய், 1603 இல் வார்க்கப்பட்ட டச்சுப் பீரங்கி. 1613 இல் ஆச்சே அதனை ஜொகூரிலிருந்து கைப்பற்றிய செய்தி, ஜாவி எழுத்தில் அதன் மேலேயே பதிக்கப்பட்டுள்ளது. ஆகவே அதன் வரலாற்றை நாம் படித்தறிய முடிகிறது. நங்கூரத்துக்கு அவ்வாய்ப்பு அரிது.

இரும்புக்கு முன் கல்லே நங்கூரமாக இருந்தது. குசராத்தின் துவாரகைக் கடலிலும் இலங்கையின் காலித் துறைமுகத்திலும் கல் நங்கூரங்கள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இந்திய-அரபு வகை எனப்படுவது நீண்ட கல்தூண் வடிவினது. மேலே கயிறு கட்ட ஒரு வட்டத் துளையும், கீழே மரக்கொம்புகளைச் செருக இரண்டு சதுரத் துளைகளும் அதில் இருக்கும். கல் தன் எடையால் கப்பலை நிறுத்த, கொம்புகள் கடலடி மணலைக் கௌவும். இவ்வகை அரபுக் கரையிலும் இந்தியக் கரையிலும் கிடைப்பதால், வடிவத்தை மட்டும் கொண்டு அது எம்மொழியார் கப்பலுக்குரியது எனக் கூற இயலாது. இங்கே மொழி நமக்குத் துணை வருகிறது.

'நங்கூரம்' என்பது 'லங்கர்' என்னும் பாரசீகச் சொல்லின் தமிழ் வடிவம். லகரம் தமிழில் மொழிக்கு முதலில் வாராது, எனவே நகரமாயிற்று. 'சுக்கான்' அரபு வழி வந்தது. 'மாலுமி' என்பதும் 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்ததே. அதன் முதற்பொருள் ஆசிரியர். அதே சொல் மலாயில் 'மாலிம்' என நின்று, கப்பலுக்கு வழிகாட்டுபவரைக் குறித்தது. நாமும் வாங்கியதோடு நிற்கவில்லை: நம் 'கப்பல்' மலாயில் 'காப்பால்' ஆனது. ஒரே கப்பலில் பல மொழியார் தோளோடு தோள் நின்று உழைத்ததற்கு இச்சொற்களே சான்று.

மலாக்காவின் கடற்சட்டமான 'உண்டாங்-உண்டாங் லாவுட்' நாக்கோடாவைக் கப்பலின் அரசராகவும், சுக்கான் பிடிக்கும் ஜுருமூடியைப் பெண்டஹாராவாகவும், ஜுருபத்துவைத் தெமெங்கோங்காகவும் உவமிக்கிறது. கடலின் ஆழம் பார்ப்பதும் நங்கூரத்தைக் கவனிப்பதும் ஜுருபத்துவின் பணி. 'பத்து' என்றால் கல். 'ஜுரு' என்றால் ஒரு தொழிலில் தேர்ந்து அதற்குப் பொறுப்பேற்றவர். நம் ஊர்ப்பெயரின் தோற்றம் தனி ஆய்வுக்குரியது. எனினும் ஜுருவில் வாழும் நம் மாணவர் நாள்தோறும் உச்சரிக்கும் ஒலியில் இப்பொருளும் உண்டு என்பதை அவர்கள் அறிதல் நன்று.

இதனை நாம் வலியுறுத்தக் காரணம் உண்டு. இந்நாட்டில் தமிழர் வரலாறு ரப்பர்த் தோட்டத்தோடு தொடங்கியது என இளையோர் பலர் எண்ணுகின்றனர். ரப்பர்க் கன்றுகள் மலாயாவுக்கு வந்தது 1877 இல். ஜார்ஜ் டவுனில் சூலியா மக்களின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எழுந்ததோ 1801 இல். தோட்டத்தில் சிந்திய வியர்வை நம் பெருமையே. ஆயினும் அதற்கு முன்னரே வணிகராகவும் மாலுமிகளாகவும் நம்மவர் இக்கரையில் இறங்கினர். அவ்வரலாற்றை விட்டுவிட்டால் நம் பிள்ளைகள் தம் கதையில் பாதியையே அறிவர்.

ஆசிரியப் பெருமக்களிடம் நாம் வேண்டுவது எளிது. கோலா ஜுருவின் மீனவரிடமும், கப்பலேறி வந்த கதையைக் கேட்டு வளர்ந்த நம் முதியோரிடமும் மாணவரை அனுப்புங்கள். கயிறு, பாய், காற்று, நங்கூரம் ஆகியவற்றுக்கு அவர்கள் வழங்கும் சொற்களை, மொழி வேறுபாடு பாராமல் குறித்துவரச் செய்யுங்கள். இரும்பு நங்கூரத்தைக் கடலடியிலிருந்து நூறாண்டு கழித்தும் மீட்கலாம். சொல்லுக்கோ, அதை வழங்கும் கடைசி முதியவர் வாழும் காலமே எல்லை.