சுயேச்சை என்ற சொல்லும் ஓர் அரபு நாளிதழும்

அல்ஜீரியப் பத்திரிகைகள் பற்றி நான் படித்ததெல்லாம் பெரும்பாலும் பிரெஞ்சு வழியாக வந்தவை. அதனாலேயே ஒரு சித்திரம் ரொம்ப நாள் மண்டைக்குள் உட்கார்ந்திருந்தது. பிரெஞ்சு ஏடு என்றால் விமர்சனம். அரபு ஏடு என்றால் ஒன்று அரசு, இல்லாவிட்டால் மதம். 'எல் கபர்' (செய்தி) என்னும் அரபு நாளிதழின் கதை அந்தச் சித்திரத்தை உடைத்தது.

1962 விடுதலைக்குப் பின் அங்கே பத்திரிகை என்பது கட்சியின் வாய். அவ்வாண்டு டிசம்பரில் வந்த 'அல்-ஷஅப்' அரசின் அரபு நாளிதழ். 1970களில் கான்ஸ்டன்டைன், ஓரான் நகரங்களின் பிரெஞ்சு நாளேடுகளும் அரபுக்கு மாற்றப்பட்டன. காலனிய மொழியை அகற்றுவது நியாயம்தான், யார் மறுப்பது? ஆனால் உத்தரவாக வந்ததால் அச்சேறிய அரபு ஆணையின் மொழியாகவும் ஆகிப்போனது.

1988 அக்டோபரில் இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். ராணுவம் சுட்டது. 1989 அரசியல் சட்டம் ஒற்றைக் கட்சி ஆட்சியை முடித்துவைத்தது. 1990இல் ஹம்ரூஷ் அரசு ஒரு விசித்திரமான காரியம் செய்தது: அரசு ஏடுகளின் பத்திரிகையாளர்கள் சம்பளப் பணத்தோடு வெளியேறி, கூட்டாகச் சொந்த ஏடு தொடங்கலாம் என்றது. அப்படிப் பிறந்ததுதான் எல் கபர். முதல் இதழ் 1990 நவம்பர் 1. 1954இல் விடுதலைப் போர் தொடங்கிய அதே தேதி. நாட்டில் மிக அதிகம் விற்ற ஏடுகளில் ஒன்றாக அது வளர்ந்தது. அதாவது அரபில் அரசை விமர்சித்துப் படிக்க ஒரு பெருங்கூட்டம் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

1992 ஜனவரியில் தேர்தல் ரத்தானது. உள்நாட்டுப் போர் மூண்டது. 50க்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்கள் கொல்லப்பட்டார்கள். 1995 அக்டோபர் 3 அன்று எல் கபரின் தலைமையாசிரியர் உமர் ஊர்திலான் சுட்டுக் கொல்லப்பட்டார். அரபில் எழுதுவது யாருக்கும் கவசமாக இருக்கவில்லை. இன்னொரு பக்கம் அரசு, பாதுகாப்புச் செய்தி என்றால் தான் தருவதை மட்டும் போடு என்றது.

துப்பாக்கியைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது காகிதமும் அச்சகமும். சட்டம் ஏட்டை விடுவித்தது. அச்சகம் அரசிடமே இருந்தது. அரசு விளம்பரத்தைப் பங்கிடும் 'அனெப்' நிறுவனமும் அரசினுடையதே. ஆகவே தடை உத்தரவு எதற்கு? "பாக்கியைக் கட்டு, அப்புறம் அடிச்சுத் தர்றேன்" என்றால் போதும். அச்சகப் பாக்கி வைத்து ஏடு நடத்துகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2003 ஆகஸ்டில் எல் கபர் உள்ளிட்ட ஆறு நாளிதழ்களை இப்படித்தான் நிறுத்தினார்கள். எல் கபர், பிரெஞ்சு ஏடான 'எல் வத்த'னோடு கூட்டுச் சேர்ந்து சொந்த அச்சகம் போட்டது. என்னைக் கேட்டால், மொழிச் சண்டை பற்றிய நூறு தலையங்கங்களைவிட அந்த எந்திரம் பெரிது.

பிறகு 2016. விளம்பரம் வறண்ட நிலையில் பத்திரிகையாளர்-பங்குதாரர்கள் பெரும்பான்மைப் பங்குகளைத் தொழிலதிபர் இஸ்ஸாத் ரெப்ராபின் நிறுவனத்துக்கு விற்க முன்வந்தார்கள். அமைச்சகம் வழக்குப் போட்டது. காரணம்: ஏற்கெனவே 'லிபர்தே' வைத்திருப்பவர் இன்னொரு நாளிதழை வாங்கினால் பன்முகத்தன்மை கெட்டுவிடுமாம்! சொல்வது யார் என்று பாருங்கள். ஜூலையில் நீதிமன்றம் விற்பனையை முடக்கியது.

அரசின் வாதம் கபடம் என்றுதான் அப்போது நானும் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான். ஆனால் 2022 ஏப்ரலில் லிபர்தே மூடப்பட்டது. வேலை செய்தவர்களும் எழுத்தாளர்களும் கெஞ்சியும் நடக்கவில்லை. மூடியது அரசல்ல, ரெப்ராப்.