படியெடுத்த கைகள்

பாரிஸ் லூவர் சித்திரசாலையில் ழாக் லூயி தாவீத் தீட்டிய நெப்போலியன் மகுடாபிஷேகச் சித்திரத்தைக் கண்டு வியந்த ஒருவர், பின்னர் வெர்சேல்ஸ் அரண்மனைக்குச் சென்று அங்கும் அதே காட்சி சுவரை நிறைத்து நிற்பதைப் பார்த்தால் திகைப்படைவது இயல்பே. மண்டியிட்ட ஜோஸஃபினுக்கு முடிசூட்டக் கைகளை உயர்த்தி நிற்கும் சக்கரவர்த்தி, பின்னால் அமர்ந்து ஆசி கூறும் போப்பாண்டவர் ஏழாம் பயஸ், பட்டாடையில் அணிவகுத்த பிரபுக்கள், எல்லாரும் அவரவர் இடத்தில் இருக்கிறார்கள். ஆனால் சக்கரவர்த்தியின் சகோதரிகள் லூவர் படத்தில் அனைவரும் வெள்ளாடை உடுத்தியிருக்க, வெர்சேல்ஸ் படத்தில் ஒருத்தியின் ஆடை மட்டும் ரோஜா நிறமாயிருக்கிறது.

மகுடாபிஷேகம் நோத்ருதாம் தேவாலயத்தில் 1804 டிசம்பர் 2-ஆம் நாள் நடந்தது. 6.21 மீட்டர் உயரமும் 9.79 மீட்டர் அகலமும் உடைய மூலச் சித்திரத்தைத் தாவீத் 1807-ல் முடித்தார். வைபவத்திற்கே வராத நெப்போலியனின் தாயாரையும் அதில் நடுநாயகமாக அமர்த்தினார். மறு ஆண்டே அமெரிக்க வணிகர் சிலர் அதைப் போன்ற இன்னொன்றை முழு அளவில் வேண்ட, அவர் வேலையைத் தொடங்கினார். ஆயினும் சாம்ராஜ்யம் சரிந்து, பதினாறாம் லூயியின் மரணதண்டனைக்கு வாக்களித்த குற்றத்திற்காக அவர் நாடுகடத்தப்பட்டு, பிரஸ்ஸல்ஸ் நகரில் முதுமையைக் கழித்த காலத்தில், 1822-ல்தான் அது நிறைவெய்தியது. மூலம் 1889-ல் லூவருக்குச் சென்றதனால் வெர்சேல்ஸில் வெறுமையான இடத்தை, 1947-ல் பிரான்சுக்குத் திரும்பிய இந்தப் பிரதி நிரப்பிற்று.

பிரதி எடுப்பதை இழிதொழிலாக அந்த நாட்டுக் கலைமரபு கருதியதில்லை. 1648-ல் நிறுவப்பட்ட ராஜாங்கச் சித்திரக் கழகம் புராண, சரித்திர, சமய விஷயங்களைக் கொண்ட சித்திரங்களையே சிகரத்தில் வைத்தது. அச்சிகரத்தை அடையும் படிக்கட்டாக முன்னோர் படைப்புகளைப் படியெடுக்கும் பயிற்சியை வகுத்தது. 1666-ல் கோல்பேர் ரோமாபுரியில் அமைத்த பிரெஞ்சுக் கலைக்கூடத்தின் மாணவர்கள் பழஞ்சிற்பங்களையும் ரஃபேலின் சித்திரங்களையும் படியெடுக்கக் கடமைப்பட்டவர்கள். 1793-ல் புரட்சி அரசு லூவரைத் திறந்தபோதும், பத்து நாள் கொண்ட அக்கால வாரத்தில் பொதுமக்களுக்கு மூன்று நாட்களே ஒதுக்கி, எஞ்சியவற்றில் பெரும்பகுதியைப் படியெடுக்கும் கலைஞர்களுக்கே அளித்தது.

வேலையின் முறை பொறுமையைக் கோருவது. மூலத்தின்மீது மனத்தாலோ, அதன் வரைபடத்தின்மீது கோலாலோ கட்டங்களை வகுத்து, புதுத்துணியிலும் அதே எண்ணிக்கையில் கட்டமிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் விழும் கோட்டை அதனதன் இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு பழுப்புநிறத்தில் ஒளியும் நிழலும் பிரிய அடித்தீற்று. அது உலர்ந்தபின் உடல்வண்ணம், ஆடைவண்ணம். இறுதியில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சுகள். தூரிகை சென்ற தடமே தெரியாமல் பரப்பு வழவழப்பாய் அமைய வேண்டும் என்பது கழகத்து ஓவியத்தின் விதி. முதியதொரு படத்தின் மெருகெண்ணெய் காலத்தால் மஞ்சளித்திருந்தால், இன்று காணும் மஞ்சளைத் தீட்டுவதா, அதனடியில் மறைந்த வெண்மையைத் தீட்டுவதா என்று படியெடுப்பவர் தீர்மானிக்க நேரும். அத்தீர்மானத்திற்குக் கைத்திறன் மட்டும் போதாது, விவேகமும் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் படியெடுத்தல் பலருக்கு ஜீவனோபாயமாகவும் விளங்கியது. அரசாங்கம் விலைகொடுத்து வாங்கிய பிரதிகள் மாகாணத் தேவாலயங்களின் பீடங்களையும் நகரசபை மண்டபங்களையும் அடைந்தன. பாரிஸ் கலைக்கல்லூரி 1897 வரை பெண்களைச் சேர்க்காமையால், சித்திரம் பயில விரும்பிய பெண்களுக்கு லூவரின் கூடங்களே பள்ளியாயின. 1873-ல் சார்ல் பிளாங் என்ற கலைத்துறை இயக்குநர் உலகச் சித்திரங்களின் பிரதிகளுக்கென்றே ஒரு காட்சிசாலை திறந்தார். அது நீடிக்கவில்லை எனினும், அக்காலத்தார் இத்தொழிலுக்கு அளித்த மதிப்புக்கு அது சாட்சி.

லூவரில் இன்றும் அனுமதி பெற்றவர்கள் ஓவியத் தாங்கி நிறுத்திப் படியெடுக்கிறார்கள். பிரதியின் அளவு மூலத்தினின்று வேறுபட வேண்டும், மூல ஓவியரின் கையொப்பத்தைத் தீட்டலாகாது என்பன அங்குள்ள நிபந்தனைகள். இந்த நேர்மையே பிரதியை மோசடியினின்று பிரித்துக் காட்டுகிறது. தன் பெயரை முன்னிறுத்தாமல், ஒரு பெரும் படைப்பின் ஒவ்வொரு விரற்கடையையும் மறுபடி வாழ்ந்து பார்க்கும் இவ்வுழைப்பும் கலைக்குச் செய்யும் தொண்டே. கையால் தீட்டிய பிரதியொன்றைக் காண நேரும் வாசகர்கள், மூலமல்லவே என்று கடந்துபோகாமல், அதற்குரிய மரியாதையை அளிக்க வேண்டும்.