கிடாரத்தின் இருமுகம்

கிடாரம் என்றதும், ஆங்கில இலக்கியம் பயின்ற எம் போன்றோரின் நினைவில் முதலில் எழுவது, சேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்திலே சூனியக்காரிகள் மூவர் சூழ்ந்து நின்று காய்ச்சும் கிடாரமேயாம். அது தீமையின் கலம். எனினும், மேலைநாட்டுப் பழங்கதைகளை ஆராயுமிடத்து, பசி தீர்க்கும் கிடாரமும் உயிர் தரும் கிடாரமும் அங்கே இருந்தமை புலனாகும்.

அயர்லாந்துக் கதைகளிலே தக்தா என்னும் தேவனுக்கு உரியது ஒரு கிடாரம். அதனை நாடி வந்த கூட்டம் எதுவும் நிறைவின்றித் திரும்பியதில்லை. பெருங்கலம் உடையவன் பலரை ஊட்ட வல்லவன். ஆதலின் அது தலைவனது வண்மைக்கு அடையாளமாயிற்று.

வேல்ஸ் நாட்டு ‘மபினோகி’யின் இரண்டாங் கிளைக்கதையில் வருவது வேறொரு கிடாரம். பிரான் என்னும் அரசனின் தாய்வழிச் சகோதரன் எவ்னிசியன். அவன் அயர்லாந்து மன்னனை அவமதித்தான். அதற்கு ஈடாகப் பிரான் அம்மன்னனுக்கு அக்கிடாரத்தை அளித்தான். மாண்ட வீரரை அதனுள் இட்டால் மறுநாள் போரிட எழுவர். பேச்சு மட்டும் திரும்பாது. பின்னர் இரு நாட்டாருக்கும் போர் மூண்டபோது, கொடுத்தவன் படைக்கே அது கூற்றாயிற்று. பூசலுக்கு வித்திட்ட எவ்னிசியனே பிணங்களிடையே பிணம்போற் கிடந்தான்; கிடாரத்துள் எறியப்பட்டதும் உடலை நீட்டி அதனை உடைத்தான். அவன் நெஞ்சும் உடன் உடைந்தது.

இனிக் கலைக்கு வருவோம். 1891ஆம் ஆண்டு டென்மார்க்கிலே, குண்டெஸ்ட்ரப் என்னும் சிற்றூரின் அருகே, சதுப்பு நிலத்தில் வெள்ளிக் கிடாரமொன்று கண்டெடுக்கப்பட்டது. குறுக்களவு 69 சதமமீற்றர். நிறை ஏறக்குறைய 9 கிலோகிறாம். தகடுகள் தனித்தனியே கழற்றப்பட்டு, அடிக்கலத்துள் வைக்கப்பட்டிருந்தன. இன்று அது கொப்பன்ஹேகன் தேசிய நூதனசாலையில் உள்ளது. அதன் உட்தகடொன்றிலே, பேருருவம் ஒன்று ஒருவனைத் தலைகீழாகக் கலமொன்றினுள் அமிழ்த்துகின்றது. கீழ்வரிசையிற் காலாட்கள் அதனை நோக்கி வருகின்றனர். மேல்வரிசையிற் குதிரை வீரர் அகன்று செல்கின்றனர். இது மறுபிறப்பு என்பர் ஒரு சாரார். பலி என்பர் மற்றொரு சாரார். கதை ஏட்டிலேறியது கிடாரம் செய்யப்பட்டு ஓராயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பின்னரே. ஆதலின் கதை கொண்டு சித்திரத்துக்கு முடிந்த முடிபாகப் பொருளுரைத்தல் பொருந்தாது. ஒரே சித்திரத்தில் வாழ்வும் சாவும் காணக் கிடப்பதே கிடாரத்தின் இயல்பு போலும்!

மணிபல்லவத்திலே மணிமேகலை பெற்ற அமுதசுரபியை இவற்றுடன் ஒப்புநோக்குதல் தகும். ஒன்றிலிருந்து மற்றது வந்ததென நாம் கூறவில்லை. ஆயினும், அமுதசுரபி சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிற்று. பிரானின் கிடாரமோ மனிதரை நாவற்ற படைக்கலங்களாக்கிற்று. ஊட்டும் கலம் வாழ்த்தப்படுகின்றது. வாய்பேசாப் படையை ஆக்கும் கலம் உடைபட வேண்டியதாகின்றது. வலிமையை நாடும் இளைஞராகிய நாம், அவ்வலிமைக்கு விலையாக எம் நாவைக் கொடுத்துவிடாதிருப்போமாக.